தலைக்காய ஆய்வில் தம்பியைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. நான்கு மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்டது. மூளையில் உறைந்திருந்த ரத்தத்தை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பல நாட்கள் ஐசியூவில் நினைவில்லாமல் இருந்தான். இப்போது நடக்கிறான், பேசுகிறான், தானாகச் சாப்பிடுகிறான். ஆனால் காலையில் சொன்னது மாலையில் நினைவில் இருப்பதில்லை. சட்டென்று கோபம் வருகிறது. கொஞ்ச நேரம் பேசினாலே களைத்துவிடுகிறான். வலிப்பு வராமலிருக்க மாத்திரை எடுக்கிறான். மூளைக்காயத்துக்குப் பின் கவனமும் நினைவாற்றலும் மேம்பட ஒரு மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று மறுவாழ்வுப் பிரிவில் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரையாம். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். “அவன் பட்டது போதாதா, அவனை வைத்துச் சோதனை வேறு செய்ய வேண்டுமா” என்று அம்மா அழுகிறார். தம்பியோ கேட்ட உடனே “சேர்கிறேன்” என்று சொல்லிவிட்டான்; மறுநாள் கேட்டால் என்ன ஆய்வு என்றே நினைவில்லை. அவனுக்காக நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மறுத்தால் சிகிச்சையில் குறை வைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு பயங்களில் இரண்டாவதை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஆய்வில் சேர மறுப்பதால் உங்கள் தம்பிக்கு இப்போது கிடைத்துவரும் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, வலிப்பு மாத்திரை, மறுபரிசோதனை எதிலும் எந்தக் குறையும் வரக்கூடாது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டு, அதன் பிறகு பலமுறை திருத்தி விரிவாக்கியிருக்கும் ஹெல்சிங்கி பிரகடனம் இதை மருத்துவரின் கடமையாகவே வைத்திருக்கிறது. உங்களுக்குத் தரப்படும் தகவல் படிவத்திலும் இந்த உறுதிமொழி எழுத்தில் இருக்க வேண்டும். அதைத் தேடிப் படித்துவிடுங்கள். “சேர்ந்தால் உங்கள் தம்பியை இன்னும் நன்றாகக் கவனித்துக்கொள்வோம்” என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால்கூட, அந்த ஆய்வில் சேர வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஒருவருடைய தேவையைக் காட்டி அவருடைய சம்மதத்தைப் பெறுவது முறையாகாது.

முதல் பயம் கனமானது. தலைக்காயம் அடைந்தவரின் சம்மதத்தை எப்படிப் பெறுவது என்பது இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்று. முடிவெடுப்பதற்குத் தேவையான உறுப்பே காயம்பட்டிருக்கிறது என்பதுதான் காரணம். ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்: நினைவாற்றல் குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து உங்கள் தம்பி முடிவெடுக்கும் உரிமையை இழந்துவிட்டார் என்று நீங்களோ ஆய்வுக் குழுவோ கருதிவிட முடியாது. முடிவெடுக்கும் திறன் என்று மருத்துவர்கள் பார்ப்பது நான்கு விஷயங்களை. சொல்லப்பட்டது அவருக்குப் புரிகிறதா. அது தம் உடம்புக்கும் தம் வாழ்க்கைக்கும் பொருந்தும் செய்தி என்று உணர்கிறாரா. சேர்வதையும் சேராமலிருப்பதையும் ஒப்பிட்டுக் காரணம் சொல்ல முடிகிறதா. தம் முடிவை வெளிப்படுத்த முடிகிறதா. பேசி முடிவெடுக்கும் நேரம் வரை அந்தச் செய்தியை மனத்தில் வைத்திருக்க முடிந்தால், மறுநாள் அது மறந்துபோவதால் மட்டும் அந்த முடிவு செல்லாததாகிவிடாது.

அதே சமயம், கேட்ட உடனே அவர் சொன்ன “சேர்கிறேன்” என்பதையும் நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களுக்கு நின்று யோசிக்கும் பழக்கம் தளர்ந்துவிடுவது உண்டு. சட்டென்று கோபம் வருவதற்கும் சட்டென்று “சரி” என்று சொல்வதற்கும் பல நேரங்களில் காரணம் ஒன்றாகவே இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. தமக்கு என்ன குறை என்பதே சிலருக்குத் தெரியாமல் போய்விடும். “எனக்கு ஞாபகம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது” என்று மனமாரச் சொல்வார்கள். வீம்புக்காகச் சொல்வதாகக் குடும்பத்தார் நினைத்து வருந்துவார்கள். அதுவும் காயத்தின் விளைவுதான். தமக்குக் குறையே இல்லை என்று நம்புகிறவர், அந்தக் குறைக்கான மருந்தை எடுத்துக்கொள்ள ஏன் சம்மதிக்கிறார் என்று ஆய்வுக் குழு நிதானமாக விசாரித்தாக வேண்டும்.

நல்ல ஆய்வுக் குழு இதை எப்படிச் செய்யும் என்று சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும்போது ஒப்பிட்டுக்கொள்ளலாம். முதலில், அவர் களைப்பில்லாமல் இருக்கும் வேளையில் பேசுவார்கள். பெரும்பாலானோருக்கு அது காலை வேளை. டிவியும் ஆள் நடமாட்டமும் இல்லாத அறையாக இருக்கும். படிவத்தை மொத்தமாக வாசித்துக் காட்டாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்துவார்கள். “நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், பார்க்கலாம்” என்பார்கள். “இந்த மாத்திரையில் மருந்து இருக்குமா?” என்று கேட்கும்போது உங்கள் தம்பி, “டாக்டர் கொடுக்கிறார், மருந்து இல்லாமலா இருக்கும்?” என்று பதில் சொன்னால், அவருக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். மீண்டும் வேறு விதமாக விளக்கி, மீண்டும் கேட்பார்கள். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அது உங்களுக்கே தெரியாதே” என்று அவர் சொல்கிறபோதுதான் அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். “டாக்டர் திட்டுவாரே” என்று பதில் வந்தால், விலகும் உரிமை அவருக்குப் புரியவில்லை.

அதன் பிறகு அன்றே கையெழுத்து வாங்காமல் சில நாட்கள் விட்டு, முழுவதையும் புதிதாகச் சொல்லி, புதிதாகக் கேட்பார்கள். நினைவுக் குறை உள்ளவர்களிடம் நான் மிகவும் நம்புவது இந்த இரண்டாவது, மூன்றாவது உரையாடலைத்தான். முந்தைய பேச்சு மறந்துபோயிருந்தாலும், ஒவ்வொரு முறையும் விளக்கத்தைக் கேட்டுவிட்டு ஒரே முடிவையே, ஏறக்குறைய ஒரே காரணத்தோடு அவர் சொல்வாரானால், அது அவருடைய முடிவுதான். ஒரு நாள் சரி என்றும் மறுநாள் வேண்டாம் என்றும் மாறி மாறிச் சொன்னால் காத்திருக்க வேண்டும். குழுவினரிடம் நீங்களே இப்படிக் கேட்கலாம்: “இன்னும் இரண்டு முறை, வேறு வேறு நாட்களில் அவனோடு பேசுங்கள், அவனுடைய திறனை ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.” இதில் கோபப்பட யாருக்கும் இடமில்லை. வீட்டில் அவருக்கென்று ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் தாம் புரிந்துகொண்டதை அவர் கையாலேயே நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதைத் திருத்தாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இப்போதைக்கு இல்லை என்று மருத்துவர் கருதினால் மட்டுமே உங்கள் கையெழுத்துப் பற்றிய பேச்சு எழும். சட்டப்படி யார் பிரதிநிதியாக இருக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். மனைவி இல்லாதவருக்குப் பெற்றோரா, உடன்பிறந்தவரா என்பதை ஆய்வுக் குழுதான் எழுத்தில் காட்ட வேண்டும். அப்படி நீங்களே பிரதிநிதியானால், உங்களுக்கு எது நல்லது என்று படுகிறது என்பதைவிட, அடிபடுவதற்கு முன்பிருந்த உங்கள் தம்பி இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதையே முதலில் நினைத்துப் பாருங்கள். முன்வந்து ரத்ததானம் செய்கிறவரா, ஊசி என்றாலே ஒதுங்குகிறவரா, மருந்தை எண்ணி எண்ணி எடுத்துக்கொள்கிறவரா என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் கையெழுத்திட்ட பிறகும் அவருடைய குரல் நின்றுவிடுவதில்லை. மாத்திரை வேண்டாம் என்று தலையசைத்தால், பரிசோதனை அறைக்குள் வர மறுத்தால், அதை மறுப்பாக மதிக்க வேண்டும். திறன் திரும்பியதும், அவரிடமே புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டும்; அவர் தொடர மாட்டேன் என்றால் உங்கள் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது.

இதோடு சேர்த்து ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐசியூவில் நினைவின்றி இருந்த நாட்களில் அவர் ஏதேனும் ஆய்வில் சேர்க்கப்பட்டாரா? தலைக்காயத்தில் சில மருந்துகளை முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சோதிக்கவே முடியும்; நோயாளி மயக்கத்தில் இருப்பார், குடும்பத்தார் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அதனால், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் முன்அனுமதியோடு, முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு குடும்பத்திடமும் நோயாளியிடமும் சம்மதம் கேட்கும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அது இப்போது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு மருந்து ஆய்வுகளில் ஒருவர் இருப்பது பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை.

இனி உங்கள் அம்மாவின் கண்ணீருக்கு வருகிறேன். அவருடைய அச்சம் அறியாமையால் வந்தது என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோயுள்ள ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், அதைக் குணப்படுத்தும் பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி வளர்கிறது என்று அரசுத் துறை மருத்துவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாஜி முகாம்களில் மருத்துவர்கள் செய்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947இல் வகுத்த நியூரம்பர்க் விதிகள் தொடங்கி, இன்றைய நெறிமுறைக் குழுக்கள் வரை எல்லாமே, உங்கள் அம்மாவுக்கு இருப்பதைப் போன்ற அச்சம் நியாயமானது என்பதை ஒப்புக்கொண்டதால் உருவானவைதான். ஆகவே, “பயப்படாதே அம்மா” என்று சொல்வதைவிட, அந்த ஆய்வை அனுமதித்த நெறிமுறைக் குழு எது, அதன் தொலைபேசி எண் என்ன என்று படிவத்தில் அவருக்குக் காட்டுங்கள். அந்த எண் ஆய்வை நடத்தும் டாக்டருடையதாக இருக்கக்கூடாது.

ஆனால் மருந்தில்லாத மாத்திரையைப் பற்றி அவருக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் மருந்தை வைத்துக்கொண்டு பாதிப் பேருக்கு அதைக் கொடுக்காமலிருப்பது கல்நெஞ்சம் என்று யாருக்கும் தோன்றும். தலைக்காயத்தின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் இருக்கிறது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில், தலையில் அடிபட்டு வருபவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல ஆண்டுகளாகப் பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. அது உண்மையில் உதவுகிறதா என்று பார்க்க 1999இல் கிராஷ் என்ற ஆய்வு தொடங்கியது. 49 நாடுகளில், 239 மருத்துவமனைகளில், 10,008 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். ஆய்வை வெளியிலிருந்து கண்காணித்த குழு 2004இல் இடைக்கால முடிவுகளை ஆய்வை நடத்தியவர்களிடம் வெளிப்படுத்தியதும், மேற்கொண்டு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று நம்பிக் கொடுக்கப்பட்ட ஊசி, போட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாக இழக்கச் செய்துகொண்டிருந்தது. அந்த ஆய்வில் மருந்தில்லாத பாதியில் இருந்தவர்கள் ஏமாற்றப்பட்டவர்களா, காப்பாற்றப்பட்டவர்களா என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

நோயாளியின் கட்டிலருகே நிற்கும் எந்த ஒரு மருத்துவராலும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நூறு பேரில் மூன்று பேர் அதிகமாக இறப்பது ஒருவருடைய அனுபவத்தில் தட்டுப்படாது. “காயம் கடுமையாக இருந்தது” என்று நினைத்துக் கடந்துவிடுவோம். முன்பின் அறிமுகமில்லாத அந்தப் பத்தாயிரம் பேரும் அவர்கள் குடும்பங்களும் சேர்ந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பயனை, ஸ்டீராய்டு போடப்படாமல் ஐசியூவிலிருந்து வெளியே வந்த எத்தனையோ பேர் அடைந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது மிகுந்த நன்றி உண்டாகிறது.

நம்பிக்கை ஊட்டிய மருந்து பயனற்றதாகப் போனதும் உண்டு. புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் விலங்குகளின் மூளைக்காயத்தில் நன்றாக வேலை செய்தது; சிறிய அளவில் மனிதர்களிடம் செய்த சோதனைகளும் நல்ல விதமாகவே இருந்தன. 882 பேரைக் கொண்ட ஒரு பெரிய ஆய்வும் 1,195 பேரைக் கொண்ட இன்னோர் ஆய்வும் 2014இல் வெளியானபோது, பயன் எதுவுமில்லை என்று தெரிந்தது. எனவே, உங்கள் தம்பிக்கு வழங்க முன்வந்திருக்கும் மாத்திரையை “புது மருந்து, கிடைத்தால் அதிர்ஷ்டம்” என்று நினைக்க வேண்டாம். அது உதவலாம், ஒன்றும் செய்யாமலிருக்கலாம், தீங்கும் செய்யலாம். எது என்று உண்மையிலேயே தெரியாததால்தான் ஆய்வு நடக்கிறது. மருந்து உதவும் என்று ஏற்கனவே உறுதியாகத் தெரிந்திருந்தால், பாதிப் பேருக்கு அதை மறுக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதித்திருக்கக் கூடாது.

உங்கள் தம்பி இருக்கும் கட்டத்தில் ஒப்பீட்டுக் குழு இன்னும் அவசியமாகிறது. காயத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் மூளை தானாகவே வேகமாகத் தேறும். பிறகும், மெதுவாகவேனும், நீண்ட காலம் தேறிக்கொண்டிருக்கும். நான்காவது மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அவர் பெரும்பாலும் முன்னைவிட நன்றாகத்தான் இருப்பார். மாத்திரைதான் காரணம் என்று எல்லோரும் மனமார நம்புவோம். தானாக வரும் முன்னேற்றத்தையும் மருந்து தரும் முன்னேற்றத்தையும் பிரித்துப் பார்க்க, ஒரே மாதிரியான இரண்டு குழுக்களை ஒரே காலத்தில் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை. அமன்டடின் என்ற மருந்தை இப்படித்தான் சோதித்தார்கள். காயம்பட்டு 4 முதல் 16 வாரங்கள் ஆகியும் சுயநினைவு சரியாகத் திரும்பாத 184 பேருக்கு, நான்கு வாரங்கள் மருந்தோ மருந்தில்லாததோ கொடுக்கப்பட்டது. 2012இல் வெளிவந்த அந்த முடிவின்படி, மருந்து எடுத்த நான்கு வாரங்களில் தேறும் வேகம் கூடியது. மருந்தை நிறுத்திய அடுத்த இரண்டு வாரங்களில் அந்த வேகம் குறைந்து, இரு குழுக்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு நெருங்கி வந்தன. இரண்டு குழுவும் தேறின என்பதைக் கவனியுங்கள். ஒப்பீடு இல்லாதிருந்தால், முன்னேற்றம் முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

இது பொதுவான நியாயம். உங்கள் தம்பிக்கு இந்தக் குறிப்பிட்ட ஆய்வு ஏற்றதா என்பது வேறு கேள்வி. அவர் வலிப்பு மாத்திரை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கவனத்தைக் கூட்டும் மருந்துகளில் சில வலிப்புக்கான வாய்ப்பை உயர்த்தக்கூடியவை. வலிப்பு மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மருந்துகளும் உண்டு. விபத்துக்குப் பின் அவருக்கு வலிப்பு வந்திருக்கிறதா, அல்லது முன்னெச்சரிக்கையாக மட்டும் மாத்திரை கொடுக்கிறார்களா என்பதைத் தெளிவாகச் சொல்லி, சோதிக்கப்படும் மருந்து அதோடு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். சேர்க்கும் நிபந்தனைகளுக்குள் வருவதற்காக எந்த நோயையும் எந்த மாத்திரையையும், வேறு முறை மருத்துவத்தில் வாங்கி எடுப்பதையும்கூட, மறைக்க வேண்டாம். நிபந்தனைகள் அவரைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. அந்த மருந்து மனிதர்களுக்கு முதல் முறையாகக் கொடுக்கப்படுகிறதா, வேறு நோய்களுக்கு ஏற்கனவே பயன்பட்டுவருகிறதா என்பதையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், இப்போதுதான் தேறிவரும் ஒருவருக்கு, பாதுகாப்பு பல ஆண்டுகளாகத் தெரிந்த மருந்தைக் கவனத்துக்கும் நினைவாற்றலுக்கும் உதவுகிறதா என்று பார்க்கும் ஆய்வில் சேர அதிகம் தயங்க மாட்டேன். முதல் கட்ட ஆய்வாக இருந்தால் மிகவும் தயங்குவேன்.

யாருக்கு எது என்று டாக்டருக்குத் தெரியாது என்பதால் ஆபத்தில் எப்படிச் சிகிச்சை செய்வார்கள் என்று நீங்கள் கவலைப்படலாம். ஒவ்வொரு நோயாளியின் மாத்திரைக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கும். வலிப்போ கடுமையான ஒவ்வாமையோ வந்து, என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை செய்ய முடியும் என்ற நிலை வந்தால், எந்த நேரத்திலும் அந்தக் குறியீட்டைத் திறந்து பார்க்க ஏற்பாடு இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணை அழைப்பது என்று கேட்டு, அந்த எண்ணை ஒரு முறை அழைத்தும் பாருங்கள்.

பிறகு, எவ்வளவு அலைச்சல் என்று கணக்கிடுங்கள். கொஞ்ச நேரம் பேசினாலே களைத்துப் போகிறவருக்கு, எண்களைத் தலைகீழாகச் சொல்வது, சொற்களைக் கேட்டு நினைவுகூர்வது என்று மணிக்கணக்கில் நீளும் சோதனைகள் மிகவும் சோர்வு தரும். அன்று மாலை தலைவலியும் எரிச்சலும் கூடலாம். சோதனையை இரண்டு நாளாகப் பிரித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல குழுக்கள் ஒப்புக்கொள்ளும். எம்ஆர்ஐ எடுப்பதாக இருந்தால், அறுவை சிகிச்சையின்போது மண்டையோட்டில் உலோகத் தகடோ கிளிப்போ வைத்தார்களா என்று டிஸ்சார்ஜ் குறிப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிடி ஸ்கேன் என்றால் கதிர்வீச்சு உண்டு என்பதால், சிகிச்சைக்குத் தேவையான ஸ்கேன்களுக்கு மேல் ஆய்வுக்கென்று எத்தனை எடுக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். ரத்த மாதிரிகளை வருங்கால ஆய்வுகளுக்காகவும் மரபணுச் சோதனைக்காகவும் சேமித்து வைப்பது இப்போது வழக்கம். அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்பார்கள், அதற்கு மட்டும் மறுத்துவிட்டு ஆய்வில் சேர முடியுமா என்பதையும் கேட்கலாம். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுப் பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் கேட்கக்கூடாது. ஆய்வினால் உடம்புக்குத் தீங்கு வந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; பதிவு எண்ணைக் கொண்டு யாரும் இணையத்தில் தேடிப் படிக்கலாம்.

ஒரு கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. நீங்கள் கட்டாயம் கேளுங்கள். எதை வைத்து மருந்து வேலை செய்தது என்று முடிவு செய்யப் போகிறார்கள்? மூளை அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிய ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதத்தில், அறுவை சிகிச்சைக் குழுவில் 26.9 சதவீதம் பேரும், மருந்துச் சிகிச்சைக் குழுவில் 48.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். உயிர் காத்தது என்று மகிழலாம்; ஆனால் உணர்வற்ற நிலையில் கிடந்தவர்கள் முதல் குழுவில் 8.5 சதவீதம், இரண்டாவதில் 2.1 சதவீதம். உயிர் பிழைப்பதும் வாழ்க்கை திரும்புவதும் இந்த நோயில் ஒன்றாகவே நடப்பதில்லை. உங்கள் தம்பியின் ஆய்விலும், கணினித் திரையில் பொத்தானை எவ்வளவு விரைவாக அழுத்துகிறார் என்பதை மட்டும் அளந்தால், அதில் வரும் முன்னேற்றம் வேலைக்குத் திரும்பவோ, தனியாகப் பேருந்தில் போய்வரவோ, கோபம் அடங்கவோ உதவும் என்று சொல்ல முடியாது. அன்றாட வாழ்க்கையையும் அளக்கும் ஆய்வையே நான் அதிகம் மதிப்பேன்.

அதை அளக்கும் பொறுப்பில் ஒரு பங்கு உங்களுடையதாகவும் இருக்கும். தலைக்காய ஆய்வுகளில் நோயாளியின் பதிலோடு, கூட இருப்பவரின் பதிலையும் கேட்பார்கள். தூக்கம், கோபம், மறதி என்று வாரந்தோறும் குறித்து வைக்கச் சொல்லலாம், மாத்திரையை எண்ணித் தரச் சொல்லலாம். நான்கு மாதமாக அவரைப் பார்த்துக்கொண்டு நீங்களும் களைத்துப்போயிருப்பீர்கள். உங்களுக்கு இதற்கு நேரமும் மனமும் இருக்கிறதா என்பதும் முடிவில் சேர வேண்டிய விஷயம். உங்களால் முடியாது என்றால் அதைச் சொல்வதில் சுயநலம் எதுவும் இல்லை. மருந்து ஆய்வு வேண்டாம் என்று முடிவானாலும் பங்களிக்க அவருக்கு விருப்பமிருந்தால், சிகிச்சையை மாற்றாமல் அவர் தேறுவதைப் பதிவு செய்யும் ஆய்வுகள் ஏதேனும் நடக்கின்றனவா என்று கேளுங்கள். ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலுமாக 18 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்களை அப்படித் தொடர்ந்து கவனித்த சென்டர்-டிபிஐ என்ற ஆய்வு, லேசான காயம் என்று அனுப்பிவைக்கப்பட்டவர்களில் பலரும் ஆறு மாதம் கழித்தும் முழுதாகத் தேறவில்லை என்பதைக் காட்டியது. வீட்டில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மறதிக்கும் களைப்புக்கும் மருத்துவ உலகம் இப்போது காது கொடுக்கிறதென்றால், அத்தகையவர்கள் தந்த தகவலும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்த சந்திப்புக்கு முன் தகவல் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் தம்பியும் நீங்களும் அம்மாவும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். புரியாத வரிகளைக் கோடிட்டு எடுத்துச் சென்று கேளுங்கள். சந்திப்புக்கு அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் கேள்விக்கு முதலில் பதில் சொல்வது தம்பியாக இருக்கட்டும். அவர் தடுமாறும்போது நீங்கள் இருவரும் எடுத்துக்கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். காயம்பட்ட மூளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் தேவைப்படும்.

சேர்ந்தால், கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகும்போது மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், ஏனெனில் சில மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அவர் எந்த ஆய்வில் இருக்கிறார், குறியீட்டு எண் என்ன, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுதிய ஓர் அட்டையைக் குழுவினர் தருவார்கள். அது எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கட்டும். வேறு எந்த டாக்டரிடம், பல்வலிக்காகப் போனாலும், மருந்து எழுதும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.